ஒரு மெய்க்கீர்த்தியும் ஒரு கணக்கு நோட்டும்

வேலையெல்லாம் முடிந்த பிறகு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பொதிகை மலைப் பக்கம் வந்து குடியேறிய முதல் ஆள் அகத்தியர். அவர் ஒன்றும் ஆசைப்பட்டு வரவில்லை. கைலாயத்தில் சிவனுக்குக் கல்யாணம். மூன்று உலகமும் அங்கே போய்க் குவிந்ததில் பூமி வடக்கே சாய்ந்துவிட்டது. ‘நீர் தெற்கே போய் நில்லும், சரியாகிவிடும்’ என்று இவரை அனுப்பிவிட்டார்கள். கல்யாண வீட்டில் சரியாகப் பந்தி போடுகிற நேரத்தில் ‘தண்ணி லாரி வந்துட்டான்னு பாத்துட்டு வா’ என்று தெருமுனைக்கு விரட்டப்படும் சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. தேவலோகத்தில் அந்தச் சித்தப்பா அகத்தியர். பாவம் என்று நினைத்தோ என்னவோ, சிவனும் பார்வதியும் மணக்கோலத்தில் பாபநாசத்துக்கே வந்து அவருக்கும் லோபாமுத்திரைக்கும் காட்சி கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு வரமுடியாதவர்களுக்கு மறு ஒளிபரப்புச் செய்யும் வழக்கம் எங்கள் பக்கத்தில்தான் தொடங்கியது.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அகத்தியர் பிரம்மச்சாரியாம், அதனால் கேரளப் பக்கத்திலிருந்து அகத்தியர் மலை உச்சிக்கு ஏறும் பாதையில் பெண்கள் கூடாதாம். உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2019 ஜனவரியில்தான் வழிவிட்டார்கள். அப்படியானால் லோபாமுத்திரையை எந்தக் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள்? வரலாற்றில் மனைவிமாரை இப்படித்தான் அடிக்குறிப்பில்கூடப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் முப்பது வருசத்துக்கு மேல் வரலாறு நடத்தியவள் நான். எனக்குத் தெரியாதா?

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்று அம்பாசமுத்திரத்தில் இருக்கிறோம். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது எதிரே பொதிகை. வீட்டுக்காரர் சார்நிலைக் கருவூலத்தில் வேலை பார்த்தவர். கஜானா பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து ராஜா என்கிற நினைப்பு ஒட்டிக்கொண்டுவிட்டது. காலையில் பேப்பர் வந்ததும் முதலில் அணை நீர்மட்டத்தைத்தான் பார்ப்பார். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இதில் இன்றைக்கு எவ்வளவு என்று சத்தமாக வாசிப்பார். ஏதோ அவரே இரவோடு இரவாகப் போய் மடையைத் திறந்து மூடிவிட்டு வந்த மாதிரி ஒரு களைப்பு முகத்தில் தெரியும்.

மே மாதம் பேத்தி பெங்களூரிலிருந்தும் பேரன் சென்னையிலிருந்தும் வந்து இறங்குவார்கள். பாடப்புத்தக நடையில் சொன்னால், இவை வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகள். படையெடுப்பின் விளைவுகள்: குளிர்சாதனப் பெட்டி காலி, ஊஞ்சல் கொக்கி வளைவு, ஆச்சிக்கு இடுப்பு வலி. இரவு சாப்பிட்டு முடித்ததும் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு தாத்தா தன் மெய்க்கீர்த்தியைத் தொடங்குவார்.

கல்வெட்டின் தலைப்பில் ராஜாவின் வெற்றிகளை வரிசையாகச் சொல்லும் மெய்க்கீர்த்தி வழக்கத்தை நிலைநிறுத்தியவர் முதலாம் ராஜராஜன். ஆட்சியாண்டு கூடக் கூட மெய்க்கீர்த்தியும் நீளும். போன வருசம் வென்ற நாட்டோடு இந்த வருசம் வென்றதும் சேரும்; எதையும் கழிக்கிற பேச்சே கிடையாது. எங்கள் வீட்டு ராஜாவுக்கும் அப்படித்தான். மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது சொரிமுத்தையனார் கோயில் காட்டில் அவர் எதிர்கொண்டது ‘ஏதோ ஒரு மிருகம்’. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அது சிறுத்தை. பேரன் பிறந்த வருசம் புலி. இப்போது அதற்கு ஒரு குட்டியும் இருக்கிறது.

நான் குறுக்கே பேசுவதில்லை. எழுந்து போய் பீரோவின் அடித்தட்டிலிருந்து கணக்கு நோட்டுகளை எடுத்து வருவேன்.

கல்யாணமான புதிதில் ‘செலவு பண்றது முக்கியமில்லை டீச்சர், எழுதி வைக்கணும்’ என்று சொல்லி முதல் நோட்டை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். இன்றுவரை என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நானும் சொன்னபடி எழுதினேன். கத்திரிக்காய் முதல் காதுகுத்து வரை எல்லாம் அதில் இருக்கிறது. வரலாற்று ஆசிரியைக்கு இதைவிட நல்ல முதல்நிலைச் சான்று எங்கே கிடைக்கும்? தன் பேரரசை வீழ்த்தப்போகும் ஆயுதத்தைத் தானே காசு கொடுத்து வாங்கித் தந்த மன்னர் அவர்.

சொரிமுத்தையனார் கோயில் பாபநாசத்துக்கு மேலே, காரையாறு போகிற வழியில், காட்டுக்குள் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு நெல்லைச் சீமையே அங்கே குடிபெயரும். இப்போது வனத்துறை கெடுபிடி அதிகம். சில நாளில் கிளம்பிவிட வேண்டும். நான் சொல்வது 1988-இல் களக்காட்டையும் முண்டந்துறையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்குவதற்கு முந்தைய காலம். அப்போதெல்லாம் குடும்பம் குடும்பமாகப் போய், ஓலைக்குடில் போட்டு, நாள்கணக்கில் சமைத்துச் சாப்பிட்டுக் குளித்துச் சண்டை போட்டு, சமாதானமாகாமலே திரும்பி வருவார்கள்.

1327-இல் முகமது பின் துக்ளக் டெல்லியைத் தூக்கி தௌலதாபாத்தில் வைத்தார் என்று பிள்ளைகளுக்கு நடத்தும்போதெல்லாம் எனக்கு என் மாமியார் ஞாபகம் வரும். லாரி பேசி, அதில் அண்டா, தவலை, பெட்ரோமாக்ஸ் விளக்கு, தார்ப்பாய், அரிசி மூட்டை, இரண்டு கோழி ஏற்றியது சரி. அம்மியையும் ஏற்றச் சொன்னார் அத்தை. காட்டில் கல்லுக்கா பஞ்சம் என்று கேட்ட கொழுந்தனுக்கு, ‘ஊரான் கல்லுல அரைச்சா துவையல் ருசிக்காதுல’ என்று பதில் வந்தது. துக்ளக்கைப் போல இவரும் தொலைநோக்கு உள்ளவர்தான். மற்றவர்களுக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மெய்க்கீர்த்தியின்படி, அங்கே போய் இறங்கியதும் தாத்தா ஒற்றை ஆளாகக் குடில் போட்டார். நோட்டு சொல்வது: ‘குடில் போட்ட ஆளுக்குக் கூலி 25. அவருக்கு வெத்திலை 1.’ அதற்கு அடுத்த வரி: ‘குடில் விழுந்ததற்கு மறுபடி கூலி 10.’ விழுந்ததற்குக் காரணம் மழை என்பார். மற்றவர்கள் குடில்மேலும் அதே சாரல்தான் பெய்தது. கூலிக்காரர் கட்டிவிட்டுப் போன பிறகு, ‘இந்தக் கால் கொஞ்சம் கோணலா இருக்கே’ என்று நடுக்காலைப் பிடுங்கி வேறு இடத்தில் ஊன்றியவர் யார் என்பது நோட்டில் இல்லை. அத்தை இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

புலி வந்தது அன்றைக்கு இரவு. இடிந்த ஓலைக்கு அடியில், பாதி நனைந்து, விளக்கும் அணைந்து, எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தோம். வெளியே செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு கனமாக ஏதோ ஓலையை இழுத்தது. மெய்க்கீர்த்தியின்படி தாத்தா எரிகிற கட்டையோடு பாய்ந்து வெளியேறி, புலியின் கண்ணுக்குள் பார்த்தார்; புலி தலைகுனிந்து திரும்பிப் போயிற்று. அந்த மழையில் எரிகிற கட்டை எங்கிருந்து வந்தது என்று போன வருசம்தான் பேத்தி கேட்டாள். என் பேத்தி!

வெளியே போனது நான். டார்ச் என் தலைமாட்டில் இருந்தது, அதனால் போனேன். வேறு வீரமெல்லாம் இல்லை. பக்கத்துக் குடில்காரர்கள் காவல் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டிருந்த கிடா. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து எங்கள் கூரையைத் தின்றுகொண்டிருந்தது. கறுப்பு, நல்ல உயரம், கழுத்தில் மாலை. மாலை போட்ட புலியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கிடாவைப் பிடித்துக் கொடுத்த நன்றிக்கு மறுநாள் மத்தியானம் அவர்கள் ஒரு தூக்குவாளி நிறையக் குழம்பு கொண்டுவந்து தந்தார்கள். தாத்தா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். புலிக்குழம்பை மிளகு தூக்கலாக வைத்துச் சாப்பிட்ட ஒரே குடும்பம் இந்த மாவட்டத்தில் நாங்கள்தான்.

அதே கோயிலில்தான், வேறொரு வருசம், என் மகனின் திருவிளையாடலும் நடந்தது. அங்கே பட்டவராயன் சன்னதி உண்டு. முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். பிராமணப் பிள்ளை, செருப்புத் தைக்கும் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்வதற்காகக் குடுமியையும் பூணூலையும் விட்டுவிட்டுத் தானும் செருப்புத் தைத்தவர். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர். அந்தச் சாமிக்குக் காணிக்கை செருப்புதான். கட்டித் தொங்கவிட்ட செருப்பு மறுவருசம் பார்த்தால் தேய்ந்திருக்கும். ராத்திரியில் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்பார்கள். ஆற்றில் தன் செருப்பை விட்டுவிட்ட என் மகன், சும்மா கிடக்கிறதே என்று ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஆள் உயரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் டப் டப் என்று குடிலுக்கு நடந்து வந்தான். அத்தை மயங்கி விழாத குறை. திரும்பக் கொண்டுபோய் வைத்து, கன்னத்தில் போட்டு, அபராதமாகப் புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கட்டினோம். நோட்டில் இருக்கிறது: ‘சாமிக்குச் செருப்பு 32. பையனுக்குச் செருப்பு 9.’ அந்த வருசம் செருப்பு தேய்ந்ததில் என் மகனுக்கும் பங்கு உண்டு என்பதை அவன் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன். பேரன் அப்பாவை அதற்குப் பிறகு வேறு மரியாதையோடு பார்க்கிறான்.

அங்கே ஓர் இலுப்பை மரமும் உண்டு. நேர்ந்துகொண்டு கட்டுகிற மணியை மரம் மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். மணி விழுங்கி மரம் என்று பெயர். போன கோடையில் காட்டினோம். ‘செல்போனைக் கட்டினாலும் முழுங்குமா ஆச்சி?’ என்று பேரன் கேட்டதும் என் மருமகள் மரத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

பிறகு கொடைக்கானல் போனோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் வாந்தி.

குற்றாலம் அப்படியில்லை. சீசனில் சாரல் விழத் தொடங்கினால் எங்களுக்கு வீட்டில் கால் தரிக்காது. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு லீவு எழுதிக் கொடுக்கிற தொல்லையும் இல்லை. காலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டே பஸ் ஏறிவிடுவோம். பக்கத்து சீட்டுக்காரர்தான் பாவம்.

தாத்தாவின் பல் செட் போன கதையும் குற்றாலத்தில்தான். அதற்கு அவர் வைத்திருக்கும் வாசகம்: ‘குற்றாலநாதருக்குக் காணிக்கையாகக் கொடுத்தேன்.’ கோயில் இருப்பது பேரருவிக்குப் பக்கத்தில். பல் போனது ஐந்தருவியில். காணிக்கை செலுத்த உண்டியலை விட்டு அத்தனை தூரம் தள்ளி நின்று எறிகிற பக்தரைத் தேவாரம் பாடியவர்கள்கூடப் பார்த்ததில்லை. நடந்தது இதுதான். அன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடுதல். பேரனைத் தோளில் பிடித்துக்கொண்டு அருவிக்குள் நுழைந்தவர், ‘பயப்படாதல, வாயைத் திறந்து ஆன்னு கத்து, பயம் போயிரும்’ என்று சொல்லி, எப்படிக் கத்த வேண்டும் என்று தானே காட்டினார். பயம் போனதோ இல்லையோ, மேல்வரிசை போய்விட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தவர் சைகையில் என்னென்னவோ சொல்ல, நெஞ்சுவலி என்று நினைத்து நான் அலற, போலீஸ்காரர் விசில் ஊத, பெண்கள் பக்கத்துக் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கடைசியில் பேரன்தான் விளக்கினான்: ‘ஒண்ணுமில்ல ஆச்சி, தாத்தா பல்லு குளிக்கப் போயிருக்கு.’

அங்கிருந்து நேரே பிரானூர் பார்டருக்குப் பரோட்டா சாப்பிடப் போவது எங்கள் நெடுநாள் திட்டம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்களிடம் இருந்தது, அதனால்தான் இது பார்டர், மாநில எல்லை தள்ளிப் போய்விட்டது, பரோட்டாக் கடைகள் மட்டும் நகரவில்லை என்று நான் வழியெல்லாம் நடத்திக்கொண்டு வந்தேன். கேட்க ஆளில்லை. ஒருவருக்குத் துக்கம், மற்றவர்களுக்குச் சிரிப்பு. கடையில் அவருக்கு மட்டும் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, சால்னாவில் ஊறவைத்து, பேத்தி ஸ்பூனால் மசித்துக் கொடுத்தாள். சோற்றுக்குப் பழகுகிற பருவத்தில் அவளுக்கு அவர் பருப்புச்சாதம் மசித்த அதே முகபாவத்தோடு, ‘ஆ காட்டுங்க தாத்தா’ என்றாள். குற்றாலத்துக் குரங்கு ஒன்று அந்தப் பல்லைப் போட்டுக்கொண்டு திரிகிறது என்பது பேரன் கட்டியது. அது இப்போது மெய்க்கீர்த்தியில் சேர்ந்துவிட்டது, தாத்தாவே சொல்கிறார்.

நம்பி மலைக்கு வருகிறேன். திருக்குறுங்குடியிலிருந்து மலைமேல் நம்பி கோயிலுக்குக் காட்டுப்பாதை. ஜீப் உண்டு, ஆனால் அந்த ஜீப்பில் போவதற்கு நடப்பதே எலும்புக்கு நல்லது. ‘நாங்க எல்லாரும் ஏறினோம்’ என்பது தாத்தாவின் வாசகம்.

இந்த இடத்தில் ராஜேந்திர சோழனைப் பற்றி ஒரு வார்த்தை. கங்கை கொண்டான், கங்கை கொண்டான் என்கிறோம். திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பார்த்தால், கங்கைவரை போய்ச் சண்டை போட்டவர் தளபதி. ராஜா கோதாவரிக் கரையில்தான் அவரை எதிர்கொண்டார். அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து சோழகங்கம் என்று ஏரி வெட்டி, நீரால் ஆன வெற்றித்தூண் என்று சொல்லிக்கொண்டார்கள். தளபதியின் கால்வலியைப் பற்றிச் செப்பேட்டில் ஒரு எழுத்து இல்லை.

எங்கள் கோதாவரிக் கரை, திருக்குறுங்குடியில் ஒரு டீக்கடை. ‘முட்டு கொஞ்சம் பிடிக்குது, நீங்க நடங்க, நான் பின்னாலயே வாறேன்’ என்றார் ராஜா. நான், பேத்தி, பேரன், மருமகன் நால்வரும் ஏறினோம். மருமகன் பெங்களூரில் தினம் ஜிம்முக்குப் போகிறவர். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, ‘அத்தை, நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்’ என்றார். குடும்பத்துக்குள் வந்து பத்து வருசத்தில் மாமனாரின் வசனம்வரை பழகிவிட்டது. நான் நாற்பது பிள்ளைகளை ஒரே வகுப்பில் நின்றுகொண்டே மேய்த்தவள். மலை பெரிய விசயமா? மேலே போய் நம்பியைச் சேவித்து, நம்பியாற்றில் காலை நனைத்து, பேரன் ஒரு பாட்டில் தண்ணீரும் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

கீழே ராஜா நாலாவது டீயில் இருந்தார். கடைக்காரரோடு ஒன்றுக்குள் ஒன்றாகி, அவர் மைத்துனரின் ஓய்வூதியப் பாக்கிக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேரன் தண்ணீர் பாட்டிலை நீட்டியதும் இரு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அண்டாவில் ஊற்றினார். ஒரு வாரத்துக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் அந்த அண்டாத் தண்ணீர்தான். ‘நம்பி மலைத் தீர்த்தம், நேத்துத்தான் போய்ட்டு வந்தோம்.’ ஏணி வைத்து எட்டிப் பார்த்தால் சோழகங்கமே தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் சான்றோடு நான் படித்துக் காட்டும்போது தாத்தா கோபப்படுவதில்லை. கருவூலத்தில் இருந்தவர், அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடுவதில் அவருக்குப் பொறுமை ஜாஸ்தி. இந்தக் கோடையில் ஒரு நாள், நான் அடுப்பங்கரையில் இருந்த நேரம் பார்த்து, பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பழைய நோட்டுகளைத் தணிக்கைக்கு எடுத்துவிட்டார். மூக்குக்கண்ணாடி, சிவப்பு மை, அடிக்கோல் எல்லாம் தயார். ராத்திரி மொட்டைமாடியில் மெய்க்கீர்த்திக்குப் பதிலாகத் தணிக்கைத் தடை வாசிக்கப்பட்டது.

‘1991, ஆனி மாசம், குற்றாலம். பஸ் 14, சாப்பாடு 22, எண்ணெய் 6, மங்குஸ்தான் 10. இதர செலவு 60. டீச்சர், இதர செலவு 60-க்குப் பற்றுச்சீட்டு எங்கே?’

பேத்தி எழுந்து உட்கார்ந்தாள். ‘ஆமா ஆச்சி, மொத்த டிரிப்பே அம்பத்திரண்டு ரூபாதான். இதரன்னா என்ன?’

அர்த்தசாஸ்திரத்தில் கௌடில்யர் ஒற்றர்களுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார், அதற்கெல்லாம் யாரும் ரசீது கேட்கமாட்டார்கள் என்று விளக்கிப் பார்த்தேன். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வருசம் நான் கட்டியிருந்த மாம்பழக் கலர் சேலையைப் பற்றித் தாத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நோட்டை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, தொல்லியல் துறைக்காரர்கள் சொல்கிற அதே குரலில் சொன்னேன்: இந்த இடத்தில் கல்வெட்டு சிதைந்துள்ளது.